ஒரே வேலை, மூன்று கம்பெனி: இன்டர்வியூவில் எதை முதலில் சொல்வது?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிவிடுகிறேன். ஓசூரில் ஒரு வாகன உதிரிபாக ஆலையில் 5 வருஷமாக குவாலிட்டி இன்ஜினியராக இருக்கிறீர்கள். போன இரண்டு மாதத்தில் பெங்களூரில் மூன்று இன்டர்வியூ: பீன்யாவில் ஒரு ஆட்டோ சப்ளையர், பொம்மசந்திராவில் ஒரு மருத்துவக் கருவி கம்பெனி, தேவனஹள்ளிப் பக்கம் விமான பாகங்கள் கடைகிற ஒரு கம்பெனி. மூன்றிலும் அதே மனப்பாடப் பதில், மூன்றிலிருந்தும் போன் வரவில்லை. இடத்துக்குத் தகுந்த மாதிரி பேசு என்கிறார் ரூம் நண்பர். அது நடிப்பு இல்லையா என்று கேட்கிறீர்கள். அடுத்த சனிக்கிழமை தேவனஹள்ளியில் இன்னொரு விமான பாகக் கம்பெனி கூப்பிட்டிருக்கிறது.

நடிப்பு இல்லை. ஆனால் நண்பர் சொன்னதும் பாதிதான். நீங்கள் பேசுகிற விதம் அப்படியே இருக்கட்டும். எதை முதலில் எடுத்து வைக்கிறீர்கள் என்பதுதான் இடத்துக்கு இடம் மாற வேண்டும்.

நான் பெங்களூரில் குவாலிட்டி வேலைக்கு வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மேஜையின் அந்தப் பக்கம் வேர்த்துப்போய் உட்கார்ந்ததும் உண்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பதும் உண்டு. இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு கம்பெனிக்கும் ராத்திரி தூக்கம் கெடுக்கிற பயம் ஒன்று இருக்கிறது. ஆள் எடுக்கிறவர் தன்னை அறியாமல் அந்தப் பயத்தை வைத்துத்தான் உங்களை அளக்கிறார். அது என்ன என்று தெரிந்துகொண்டு, உங்கள் அனுபவத்தில் அதற்குப் பதிலாக இருக்கிற பகுதியை முதல் இரண்டு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நீங்கள் செய்த வேலை ஒன்றுதான். அதற்குள் மூன்று கம்பெனிக்கும் பதில் இருக்கிறது.

நீங்கள் எழுதிய அந்த போர் (பீஸில் கடைகிற துளை) சம்பவத்தையே எடுத்துக்கொள்வோம். 20 மில்லிமீட்டர் போர், எச்7 டாலரன்ஸ். அதாவது 20.000-இலிருந்து 20.021 வரை போகலாம். இரவு ஷிப்டில் இன்சர்ட் (கடைகிற கருவியின் வெட்டு முனை) பிசகி, 20.026 வரை போய்விட்டது. ஐந்தே மைக்ரான் அதிகம். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஆனால் பிளக் கேஜின் நோ-கோ முனை (துளை சரியாக இருந்தால் நுழையவே கூடாத முனை) உள்ளே போய்விட்டால் போய்விட்டதுதான், அதில் வாதத்துக்கு இடமில்லை. பீஸ்கள் கஸ்டமர் வரை போய்விட்டன. நீங்கள் போய்ப் பிரித்தெடுத்தீர்கள், காரணம் கண்டுபிடித்தீர்கள், இன்சர்ட் மாற்றும் கணக்கைத் திருத்தினீர்கள். நல்ல சம்பவம். ஆனால் மூன்று இடத்திலும் அதை நான்காவது நிமிடத்தில், "8டி பண்ணி குளோஸ் பண்ணினோம்" என்ற ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். (8டி என்பது தப்புக்குக் காரணம் கண்டு திருத்துகிற எட்டுப் படி முறை.) அதற்கு முன்னால் ஊர், அப்பா தொழில், டிப்ளமா மதிப்பெண், பொழுதுபோக்கு. பொழுதுபோக்காக கிரிக்கெட் என்று சொல்லாத ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆட்டோ கம்பெனியின் பயம் லைன் நிற்பது. கஸ்டமருடைய அசெம்ப்ளி லைன் உங்கள் பீஸால் நின்றால் அந்தக் கணக்கு சப்ளையர் தலையில் டெபிட்டாக விழும், மாதாந்திர ரேட்டிங் இறங்கும், அடுத்த புது பார்ட்டுக்கான விலை விசாரணையே வராது. ஆகவே அங்கே வேகத்தைச் சொல்லுங்கள். போன் வந்தது எத்தனை மணிக்கு, நீங்கள் கஸ்டமர் பிளாண்டில் நின்றது எத்தனை மணிக்கு, வழியில் லாரியில் இருந்த சரக்கை யார் நிறுத்தியது, லைன் நின்றதா இல்லையா. காரணம் கண்டுபிடித்தது அதற்கு அப்புறம்தான். ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தர விதி), எஃப்எம்இஏ (எங்கே பிசகலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), பிபிஏபி (புது பார்ட்டுக்கு கஸ்டமரிடம் ஒப்புதல் வாங்குவது) எல்லாம் அவர்களுக்கும் தினசரிச் சோறு. அந்தப் பெயர்களை அடுக்குவதால் ஒன்றும் கிடைக்காது. இன்சர்ட்டை எத்தனை பீஸுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பதை எந்தக் கணக்கில் முடிவு செய்தீர்கள், அது கண்ட்ரோல் பிளானில் (எதை எப்போது எப்படிச் சரிபார்ப்பது என்ற பட்டியலில்) ஏறியதா, அதற்கு அப்புறம் ஆறு மாதத்தில் அந்த ரிஜெக்ஷன் திரும்பி வந்ததா, இந்த மூன்றும் போதும்.

பீன்யாவுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. விமானம் செய்யும் எச்ஏஎல் 1940-இலும், மெஷினும் கடிகாரமும் செய்த எச்எம்டி 1953-இலும், மின்னணுக் கருவி செய்யும் பிஇஎல் 1954-இலும் இங்கே ஆரம்பித்தவை. அவற்றின் நிழலில் வளர்ந்த மெஷின் ஷாப்கள் இந்த ஊரில் ஏராளம். அப்படிப்பட்ட ஷாப்பில் பழைய எச்எம்டிக்காரர் ஒருவர் பேனலில் இருந்தால், பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு கையில் ஒரு மைக்ரோமீட்டரும் பீஸும் கொடுத்து அளக்கச் சொல்வார். அளப்பதற்கு முன் மைக்ரோமீட்டரின் அளக்கும் முகங்களைத் துடைத்துவிட்டு ஜீரோ சரிபார்க்கிறீர்களா என்றுதான் பார்ப்பார். அளவு அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மருத்துவக் கருவி கம்பெனிக்கு வருவோம். இதில் நானே அடிபட்டிருக்கிறேன். 2009-இல் அப்படி ஒரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். அதுவரை முழுக்க ஆட்டோ அனுபவம். என் வேலைக்குச் சான்று காட்டுகிறேன் பேர்வழி என்று, பழைய கம்பெனியின் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் இரண்டைக் கோப்பில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். எதிரே இருந்த அம்மா அதை வாங்கி, விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரு கட்டத்தில் ஒயிட்னர் பூசி மேலே வேறு எண் எழுதியிருந்தது. "இது யார் பண்ணினது?" என்றார். "நான்தான் மேடம், அளவு தப்பாக எழுதிவிட்டேன், சுத்தமாகத் திருத்தினேன்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளினார். இன்டர்வியூ அங்கேயே முடிந்துவிட்டது. மரியாதைக்கு இன்னும் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம்.

ஒரே நேரத்தில் இரண்டு தப்பு. கம்பெனி காகிதத்தை வெளியே எடுத்து வந்தது ஒன்று. நாளைக்கு இவர்கள் காகிதத்தையும் இப்படித்தானே எடுத்துப் போவான் என்று யாருக்கும் தோன்றும். ஒயிட்னர் மற்றொன்று. அங்கே தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட வேண்டும், பழைய எண் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் புது எண், கையெழுத்து, தேதி. ஏனென்றால் அவர்களுடைய பயம் காகிதம். எழுதப்படாத வேலை நடக்காத வேலை. மருத்துவக் கருவிக்கான தர விதியான ஐஎஸ்ஓ 13485-உம், இந்தியாவின் 2017 மருத்துவக் கருவி விதிகளும் ஆடிட்டர் வடிவத்தில் வந்து உட்கார்ந்தால், மூன்று வருஷத்துக்கு முன் அந்த லாட்டை அளந்த கேஜ் அன்றைக்கு காலிபரேஷனில் (சரியாக அளக்கிறதா என்ற சோதனைக் கெடுவுக்குள்) இருந்ததா, அளந்தவருக்குப் பயிற்சிப் பதிவு இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள்.

ஆகவே அதே போர் கதையை பொம்மசந்திராவில் சொல்லும்போது, ஓடிப்போய்ப் பிரித்ததை ஒரு வரியில் முடியுங்கள். கேஜ் எண்ணைப் பார்த்து காலிபரேஷன் தேதியைச் சரிபார்த்ததைச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் ஆபரேட்டரின் பயிற்சிப் பதிவைத் தேடியதைச் சொல்லுங்கள். திருத்தம் செய்து சில மாதம் கழித்து, அது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று மறுபடி பார்த்து எழுதி வைத்தீர்களா? அவர்கள் பாஷையில் காபா (திருத்த, தடுப்பு நடவடிக்கை) என்பது அதில்தான் முடிகிறது. செய்யவில்லை என்றால் செய்யவில்லை என்றே சொல்லுங்கள். "ஆட்டோவில் கஸ்டமர் குளோஸ் பண்ணினதும் நாங்களும் விட்டுடுவோம், இங்கே அது போதாதுன்னு தெரியும்" என்று சொல்பவரை அந்த அம்மாவே எடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் சனிக்கிழமை. விமான பாகக் கம்பெனியின் பயம், எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒரு பீஸ். காரில் 500 பீஸைத் திரும்ப வாங்கலாம். பறக்கிற விமானத்துக்குள் ஏறிவிட்ட ஒரு பீஸை என்ன செய்வது? அதனால் அவர்கள் உலகம் முழுக்கத் தடம்தான். இந்த பீஸ் எந்த ஹீட் நம்பர் (உலோகத்தை உருக்கிய தொகுதியின் எண்) கம்பியிலிருந்து வந்தது, எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் கை. வேகமாக 8டி முடித்தேன் என்று அங்கே போய்ப் பெருமைப்பட்டால் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள், ஏன் இவ்வளவு அவசரம் என்று. போன முறை உங்களுக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

அங்கே கதையை வேறு முனையில் ஆரம்பியுங்கள். எந்த பீஸிலிருந்து எந்த பீஸ் வரை கெட்டது என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கடைசியாக நன்றாக இருந்த அளவு எத்தனை மணிக்கு எழுதப்பட்டது, இன்சர்ட் எப்போது மாற்றப்பட்டது, நடுவில் ஓடிய பீஸ்கள் எந்தெந்தப் பெட்டியில்? இதை ஒரு காகிதத்தில் நேரக்கோடாக வரைந்து காட்டினால் இன்னும் நல்லது. பேனலில் இருப்பவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடுவார்.

நிச்சயம் வருகிற இன்னொரு கேள்வி: "அஞ்சு மைக்ரான்தானே, அசெம்ப்ளியில் ஒண்ணும் ஆகாது, அனுப்பிடலாமே?" சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பொறி அது. ஆட்டோவில் பழகிய நாக்கு "கஸ்டமரிடம் பேசி டீவியேஷன் வாங்கிவிடலாம் சார்" என்று சட்டென்று சொல்லிவிடும். டீவியேஷன், அதாவது அளவு மீறியதற்கு விலக்கு, கேட்பது தப்பான பதில் இல்லை, அரைகுறையான பதில். விமானத் துறைத் தர விதியான ஏஎஸ் 9100 முறையில், டிராயிங்கை மீறிய பீஸை அப்படியே பயன்படுத்தலாமா, ரிப்பேர் செய்யலாமா என்பதை சப்ளையர் தானாகத் தீர்மானிக்க முடியாது. டிசைனுக்குப் பொறுப்பானவர் தரப்பிலிருந்து அனுமதி வர வேண்டும். வரும் வரை பீஸ் தனியாகப் பூட்டி இருக்க வேண்டும். ஸ்க்ராப் என்று முடிவானால் நிரந்தர அடையாளம் போட வேண்டும், அல்லது யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி உருக்குலைக்கும் வரை கண்காணிப்பில் வைக்க வேண்டும். இதில் நீங்கள் ஓசூரில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். கெட்ட பீஸ் போடுகிற சிவப்புப் பெட்டிக்குப் பூட்டு போட்டது நீங்கள்தான் என்று எழுதியிருந்தீர்களே, அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஆட்டோ ஷாப்பில் அதற்கு யாரும் கை தட்டியிருக்க மாட்டார்கள். இங்கே அதுதான் உங்கள் துருப்புச்சீட்டு.

ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் இன்ஸ்பெக்ஷன் (உற்பத்தியின் முதல் பீஸை முழுக்க அளந்து காட்டுவது) பற்றியும் படித்துவிட்டுப் போங்கள். ஏஎஸ் 9102 படி டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவுக்கும் குறிப்புக்கும் எண் போட்டு (பலூன் போடுவது என்பார்கள்), ஒன்று விடாமல் அளந்து பதிய வேண்டும். மெஷினோ முறையோ இடமோ மாறி அது பொருத்தத்தைப் பாதிக்கலாம் என்றால், அல்லது உற்பத்தி 2 வருஷம் நின்றுபோனால், திரும்பச் செய்ய வேண்டும். நீங்கள் செய்திருக்கிற பிபிஏபி இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. "ஃபர்ஸ்ட் ஆர்ட்டிகிள் செய்ததில்லை, ஆனால் பிபிஏபியில் டிராயிங்குக்கு பலூன் போட்டு முழு டைமென்ஷன் ரிப்போர்ட் செய்திருக்கிறேன்" என்ற ஒரே வாக்கியம் உங்களை வெளியாள் என்ற கணக்கிலிருந்து பாதி உள்ளே கொண்டுவந்துவிடும்.

இடத்துக்குத் தகுந்தபடி சொல்வதற்கும் பொய்க்கும் நடுவில் கோடு எங்கே என்று கேட்டீர்கள். சிஎம்எம் (பீஸைத் தொட்டு மூன்று திசையிலும் அளக்கும் மெஷின்) அறையில் இருக்கிறது. போன வருஷம் ஒரு பையன் வந்தான். ரெஸ்யூமில் சிஎம்எம் புரோகிராமிங் என்று தடித்த எழுத்து. விளம்பரத்தில் நாங்கள் கேட்டதும் அதுதான். மேஜையில் நன்றாகவே பேசினான். சரி வாப்பா என்று 20 டிகிரியில் சில்லென்று இருக்கிற அந்த அறைக்குக் கூட்டிப்போய், ஒரு ஹவுசிங்கைக் கொடுத்து, "இதை எப்படி அலைன் பண்ணுவே? முதல் பாயிண்ட் எங்கே எடுப்பே?" என்று கேட்டேன். முதலில் ஒரு தளம், அப்புறம் ஒரு கோடு, அப்புறம் ஒரு புள்ளி, இவ்வளவுதான் பதில். அவன் ஜாய்ஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ எழுதி வைத்த புரோகிராமை ஓடவிட்டு ரிப்போர்ட் எடுத்ததுதான் அவன் அனுபவம். அதை அப்படியே சொல்லியிருந்தால் எடுத்திருப்பேன். புரோகிராம் போடுவதை மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். ஓடவிட்டதை எழுதினேன் என்று சொன்னவன் நாளைக்கு அளக்காததை அளந்தேன் என்று எழுத மாட்டான் என்று எதை வைத்து நம்புவது? குவாலிட்டி வேலையில் மட்டும் அந்தச் சந்தேகத்துக்கு மருந்தே கிடையாது.

தேதிகளிலும் விளையாட வேண்டாம். சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் உங்கள் பிஎஃப் கணக்கில் இருக்கின்றன, சரிபார்ப்பு நடக்கும்போது வந்துவிடும்.

அப்புறம், நம்மூர் ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம். நாம் "பண்ணினோம்" என்று பேசுகிறவர்கள். "நான் பண்ணினேன்" என்று சொன்னால் தம்பட்டம் என்று வீட்டில் வளர்த்துவிட்டார்கள். பழக்கத்தில் அது நல்லதுதான், இன்டர்வியூவில் மட்டும் உதைக்கும். "நாங்க ரூட் காஸ் கண்டுபிடிச்சோம் சார்." "நாங்கன்னா?" "எங்க டீம் சார்." "அதுல நீங்க?" இதற்கு அப்புறம் வருகிற மௌனத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பெருமை அடிக்கத் தேவையில்லை. யார் என்ன செய்தார்கள் என்று பிரித்துச் சொன்னாலே போதும்: "ஆபரேட்டர்தான் சத்தம் மாறுதுன்னு சொன்னார். நான் அந்த ஷிப்ட் ரீடிங்கை எல்லாம் வரைஞ்சு பார்த்தேன். இன்சர்ட் மாத்தற கணக்கை புரொடக்ஷன் மேனேஜர் ஒத்துக்கிட்டார்." இதில் அடக்கமும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள்.

மொழி பற்றி. ஓசூரில் 5 வருஷம் இருந்தவருக்குக் கன்னடமும் தெலுங்கும் காதில் விழாமல் இருந்திருக்காது. ரெஸ்யூமில் தமிழ், ஆங்கிலம் என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஷாப் ஃப்ளோரில் ராய்ச்சூர், கலபுரகிப் பக்கத்து ஆட்களும் ஒடிசா, பீகார் ஆட்களும் இருப்பார்கள். ஆபரேட்டரிடம் நேரடியாகப் பேச முடியாத குவாலிட்டி இன்ஜினியரால் பாதி வேலைதான் நடக்கும். "ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே, கலீத்தா இத்தீனி" (கொஞ்சம் கொஞ்சம் வரும், கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று கன்னடத்தில் சொல்லத் தெரிந்தாலே கேட்கிறவர் முகம் மாறும். பேனலில் தமிழர் இருப்பது பெயரிலோ உச்சரிப்பிலோ தெரிந்துவிட்டால், நீங்களாகத் தமிழுக்குத் தாவாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்குப் புரியாது, அந்தத் தமிழருக்கும் சங்கடம். அவராக ஆரம்பித்தால் ஒரு வரி பதில் சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுங்கள். ஆங்கிலம் தடுக்கினால் தடுக்கட்டும். டிராயிங்கை மேஜையில் விரித்து விரலை வைத்துப் பேசுகிறவரிடம் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

ஒரே கம்பெனிக்குள்ளும் ஆளுக்கு ஆள் பயம் மாறும். போனில் பேசுகிற எச்.ஆர். பெண்ணிடம் போர் சைஸ் கதையைச் சொன்னீர்கள் என்றால் பாவம் அவர். அவருடைய பயமெல்லாம், ஆஃபர் கொடுத்தபின் நீங்கள் வராமல் போவதும் வந்து ஆறு மாதத்தில் ஓடிப்போவதும்தான். நோட்டீஸ் எத்தனை நாள், சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள், ஏன் மாறுகிறீர்கள், இதற்கெல்லாம் நேரான பதில் போதும். உங்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஓசூரிலிருந்து தேவனஹள்ளி என்றால் பெங்களூரின் ஒரு முனையிலிருந்து மறு முனை, 70 கிலோமீட்டருக்கு மேல். மஞ்சள் லைன் மெட்ரோ 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்துவிட்டது என்றாலும், அது ஆர்.வி. ரோட்டோடு முடிகிறது. விமான நிலையம் அதற்கு அப்புறம் இன்னொரு ஊர் தூரம். போன முறை "எப்படி வந்து போவீங்க?" என்று கேட்டபோது "மேனேஜ் பண்ணிப்பேன் சார்" என்றிருக்கிறீர்கள். அதைக் கேட்டால் எனக்கே பயமாக இருக்கும். வேலை கிடைத்தால் யெலஹங்காப் பக்கம் வீடு பார்ப்பேன், வாடகை விசாரித்துவிட்டேன் என்று சொல்லுங்கள். சொல்வதற்கு முன் நிஜமாகவே விசாரித்துவிடுங்கள்.

பிளாண்ட் ஹெட் கடைசியில் ஐந்து நிமிடம் பார்ப்பார். அவருக்குப் பணம். அந்தச் சம்பவத்தில் எத்தனை பீஸ் ஸ்க்ராப், எத்தனை ரூபாய் நஷ்டம், நீங்கள் போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்ற தோராயக் கணக்கு நாக்கு நுனியில் இருக்கட்டும். உடை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அயர்ன் செய்த சட்டை, ஷூ, அவ்வளவுதான். டை வேண்டாம், ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிப்போனால் ஓடுகிற மெஷின் பக்கத்தில் அதுவே ஆபத்து. மோதிரம், கையில் கட்டிய கயிறு இருந்தால் உள்ளே போகுமுன் நீங்களாகவே கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

இன்றைக்கு ராத்திரியே ஒன்று செய்யுங்கள். போர் கதையை, ஆரம்பத்திலிருந்து தடம் பிடித்த வரிசையில், ரூம் நண்பரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லிப் பாருங்கள். அவர் சாஃப்ட்வேர் என்றால் ரொம்ப நல்லது. "அப்போ மிச்ச பீஸெல்லாம் நல்லா இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவர் கேட்டார் என்றால் கதை சரியான முனையில் ஆரம்பித்திருக்கிறது. அதே கேள்விதான் சனிக்கிழமையும் வரும். வெள்ளிக்கிழமை இரவே யெலஹங்காவில் யார் வீட்டிலாவது தங்கிக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து காலையில் கிளம்பி 10 மணி இன்டர்வியூவுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.